முப்பத்து மூன்று அங்குலம்

மகனே,

திங்கட்கிழமை காலையில் சமையலறை மேடையை உடைக்க வருவதாகச் சொன்ன ஆளுக்கு இன்றே போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிடு. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். முழுவதையும் படித்துவிட்டு என்மேல் கோபப்படு. பாதியில் கோபம் வந்தால் மிச்சத்தைப் படிக்க மாட்டாய். அதில் நீ உன் அப்பாவைப் போலத்தான். இதை உன் கையில் மட்டும் கொடுத்திருக்கலாம். ஆனால் நம் புது வீட்டைக் குத்தகை எடுத்துக் கட்டிய முனியாண்டி அண்ணனைப் பற்றி நீ எழுதியதை ஊரே படித்தது. அளவு பார்க்கத் தெரியாத குத்தகையாளர், இவரை நம்பி யாரும் வீட்டு வேலையைக் கொடுக்காதீர்கள் என்று ஜொகூர்த் தமிழர்கள் கூடும் இணையக் குழுவில் நீ போட்ட பதிவையும், அதோடு இருந்த மேடையின் படத்தையும் எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியாது. என் தொழிற்சாலை கேன்டீனில் இரண்டு பேர் என்னிடமே அதைப் பற்றிக் கேட்டார்கள். அவர் பெயர் பலர் முன்னால் கெட்டது. அதனால் நான் சொல்ல வேண்டியதையும் பலர் முன்னாலேயே சொல்கிறேன். அந்த மேடை ஐந்து அங்குலம் தாழ்ந்து போனதற்கு அவர் காரணமில்லை. நான் சொல்லித்தான் அவர் அப்படிக் கட்டினார். நீ சொல்லி அனுப்பியதாக அவரிடம் பொய் சொன்னேன்.

உனக்குத் தெரிந்த சிலவற்றையும் எழுதுகிறேன். படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது அல்லவா. கூலாயில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி அந்த நிலத்தை உன் அப்பா வாங்கியபோது நீ இடைநிலைப்பள்ளியில் முதல் ஆண்டு. பத்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே லாலான் புல்தான் வளர்ந்தது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் மூவரும் காரில் போய், சாலையோரத்தில் நிறுத்தி, இறங்காமலேயே பார்த்துவிட்டுத் திரும்புவோம். நீ சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, விடிவதற்கு முன் பாலம் கடந்து போய்ப் பொழுது சாய்ந்து திரும்பத் தொடங்கிய பிறகுதான் அந்தப் புல்லை வெட்டும் நாள் வந்தது. நாம் நான்கு பேர் சேர்ந்து வாழப்போகும் வீடு: நானும் அப்பாவும், நீயும் உன்னை மணக்கப்போகும் தர்ஷினியும். இப்போது கதவுகள் மாட்டியாகிவிட்டது. தரைக்கு ஓடு பதித்தாகிவிட்டது. முன் கேட்டும் வெளிச்சுவர்ச் சாயமும்தான் மிச்சம். பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. வீடு முடியும் நேரத்தில்தான், அதைத் தரையிலிருந்து எழுப்பிய மனிதரை நீ வாசலுக்கு வெளியே அனுப்பினாய். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்போயில் நாம் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சமையலறையை நீ என்றாவது நின்று பார்த்திருக்கிறாயா? வீட்டுக்காரர் ஒரு காலத்தில் அங்கேயே மீ நூடுல்ஸ் சமைத்துக் கடைகளுக்குக் கொடுத்தவர். ஆறடி உயரம். தன் இடுப்புக்குத் தோதாக மேடையைக் கட்டிக்கொண்டார். நாம் குடிவந்தபோது உனக்கு இரண்டு வயது. முதல் நாள் சோறு வடிக்கையில் என் முழங்கை காதுக்குப் பக்கத்தில் இருந்தது. உன் அப்பா பழைய குளிர்பானப் பெட்டி ஒன்றின் பலகைகளைப் பிரித்து, நான்கு அங்குல உயரத்தில் எனக்கு ஒரு நிற்கும் பலகை செய்து கொடுத்தார். இரண்டு முறை ஆணி கழன்று மறுபடியும் அடித்தார். இருபத்து மூன்று ஆண்டுகளாக அதன்மேல் நின்றுதான் சமைக்கிறேன். அடுப்பிலிருந்து சிங்குக்குப் போக வேண்டுமென்றால் இறங்கி, காலால் தள்ளி, மறுபடி ஏறுவேன். குழம்பு கொதிக்கும்போது அந்தப் பலகை தரையில் உரசும் ஓசையைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். கேட்டுக் கேட்டு அது உனக்குக் காதில் விழாமலே போய்விட்டது என்று நினைக்கிறேன். உன்மேல் குற்றம் சொல்லவில்லை. நானும் ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? சமையலறையில் செங்கல் சுவர் மட்டும் நின்றது. முனியாண்டி அண்ணன் மேடைக்கு உயரம் கேட்டார். நீ தர்ஷினியைச் சுவரோரமாக நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அளவு நாடாவைப் பிடித்தாய். பள்ளியில் வலைப்பந்து ஆடிய பெண். ஐந்தடி ஒன்பது. உன் காதைத் தொடும் உயரம். “கைய இன்னும் கொஞ்சம் இறக்குங்க மேடம், பந்து போடப் போறீங்களா, வெங்காயம் வெட்டப் போறீங்களா?” என்று நீ கேலி செய்தாய். அவள் சிரித்துக்கொண்டே உன் தோளில் தட்டினாள். முப்பத்தெட்டு அங்குலம் என்று வந்தது. நீ பென்சிலால் சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் ‘தர்ஷி’ என்று எழுதினாய். நான் பின்பக்கக் கதவுக்கு வெளியே, துவைக்கும் இயந்திரம் வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசியது கேட்டது. தர்ஷினி சொன்னாள்: “ஏய், அத்தையையும் நிக்க வச்சு அளந்து பாருங்களேன். அவங்களும்தானே சமைக்கப் போறாங்க.” நீ நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னாய்: “அம்மாவா? அம்மாவுக்கு எதுனாலும் ஓகே லா.”

அவ்வளவுதான் நடந்தது. நீ சொன்னதில் வெறுப்பில்லை, அலட்சியம்கூட இல்லை. அன்பாகத்தான் சொன்னாய், என்னைப் பற்றிப் பெருமையாகக்கூட. ஆனால் எனக்குள் ஏதோ கொதித்தது. பெயர் வைக்காமல் விட்டால் அதை நியாயம் என்று சொல்லிக்கொள்ளத் தோன்றும். அது பொறாமை. இருபத்து நான்கு வயதில் ஒருத்தி தன் உயரத்துக்கு அளந்து கட்டிய சமையலறைக்குள் நடந்து வரப் போகிறாள். அவளை ஒருவன் சுவரோரம் நிற்க வைத்து, சிரித்து, அளந்து, பெயரையும் எழுதி வைக்கிறான். அந்த ஒருவன் என் மகன். உன்மேல் பொறாமையா, அவள்மேல் பொறாமையா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அவள் உயரத்தின்மேல்கூடப் பொறாமைப்பட்டேன். மேல் அலமாரியைத் திறக்க அவளுக்கு நாற்காலி தேவைப்படாது என்று காரில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டேன். தரை ஓட்டின் நிறத்தை நீ முதலில் அவளுக்கு அனுப்பிக் கேட்டாய் என்பது, உன் போனில் அவளுடைய பதில் வந்தபோது எனக்குத் தெரிந்தது. சன்னல் கம்பியின் வடிவம் அவளுக்குப் பிடித்தது. சாமி அறைக் கதவில் மணி வைக்கலாம் என்றது அவள். ஒவ்வொன்றுக்கும் நீ என்னிடம் பிறகு வந்து, “நல்லாருக்குல்ல ம்மா?” என்று கேட்டாய். நான் நல்லாருக்கு என்றேன். உண்மையில் எல்லாமே நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். செனாயில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். தரக் கட்டுப்பாடு. டிப்ளோமா படித்துச் சேர்ந்த நாளிலிருந்து பிளாஸ்டிக் பாகங்களை அளந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. அரை மில்லிமீட்டர் கூடினால் ஒரு பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்புகிறவள் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. அப்படிப்பட்டவள் கூலாய்க்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, யாரும் இல்லாத சமையலறையில் நானே சுவரோரம் நின்று முழங்கையை மடக்கினேன். ஒரு கையால் தன்னைத் தானே அளப்பது எளிதல்ல. நாடா இரண்டு முறை நழுவியது. கடைசியில் முப்பத்து மூன்று என்று வந்தது. கோடு போட்டேன். உன் கோட்டையும் நீ எழுதிய பெயரையும் ஈரத் துணியால் துடைத்தேன். செங்கல்லில் பென்சில் சுலபமாகப் போகாது, தேய்த்தேன். முனியாண்டி அண்ணன் உள்ளே வந்து பார்த்தார். “என்ன தங்கச்சி, கோடு எறங்கிருச்சு?” என்றார். “அளவு மாத்தியாச்சு அண்ணே. முப்பத்து மூணு போடுங்க” என்றேன். “தம்பி சொன்னாரா?” “அவன்தான் சொல்லி அனுப்புனான்.” அவர் தன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, என் கோட்டின்மேல் அழுத்தி இன்னொரு முறை வரைந்தார். “அப்ப சரி. அம்மாவும் மகனும் பேசி வச்சிக்கிட்டா எனக்கென்ன” என்றார்.

நீ கேட்கக்கூடும், உனக்கு எப்போது சொல்வதாக இருந்தேன் என்று. மேடை கட்டி முடித்ததும் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். கான்கிரீட் காய்ந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். வெள்ளை ஓடு பதிந்த பிறகு இனி யாருக்கும் தெரியவே தெரியாது என்று எண்ணிக்கொண்டேன். உங்கள் இருவருக்கும் வேலை மும்முரம், மூன்று வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் நான் தனியாக இரண்டு முறை போனேன். மேடையில் கையை வைத்துப் பார்த்தேன். வெங்காயம் வெட்டுவது போலவும் சோறு வடிப்பது போலவும் வெறுங்கையால் செய்து பார்த்தேன். பலகை இல்லாமல், தரையில் இரண்டு காலையும் ஊன்றி. அந்தச் சுகத்தை உனக்கு எப்படிச் சொல்வது? தோள் தானாகக் கீழே இறங்கியது. அந்த நேரத்தில் எனக்குக் குற்ற உணர்வு இருந்தது என்று எழுதினால் அது பொய். இல்லை. இது என்னுடையது என்றுதான் இருந்தது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். தர்ஷினி சிங்க் வைக்கும் ஓட்டையின் முன் நின்று கையை உள்ளே விட்டபோது அவள் முதுகு வளைந்ததை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். நீ நாடாவை எடுத்து அளந்தாய். “அங்கிள், இது என்ன? முப்பத்து மூணு? நாங்க போட்ட கோடு எங்க?” என்று உன் குரல் ஏறியது. ஓடு பதிக்கும் இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருவரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். முனியாண்டி அண்ணன் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். புது ஓட்டின் இடுக்கில் வெள்ளைச் சிமெண்டு சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதைப் போலப் பார்த்தேன். “என் தப்புதான் தம்பி. அளவு மாறிப்போச்சு” என்றார் அவர். “அளவு மாறிப்போச்சா? அலமாக், இதுகூட தெரியாம என்னத்துக்கு அங்கிள் குத்தக எடுக்கிறீங்க? முன் கேட்ட இன்னொருத்தர வச்சு முடிச்சிக்கிறேன். நீங்க வர வேணாம்” என்றாய். அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. காரில் திரும்பும்போது, “விடு ஐயா, போனா போகுது” என்று மட்டும் சொன்னேன். நான் உன்னைச் சமாதானப்படுத்துகிறேன் என்று நீ நினைத்தாய். அன்று மாலையே அந்தப் பதிவைப் போட்டாய்.

இது எனக்கு முதல் முறை இல்லை. உனக்கு ஆறு வயதிருக்கும்போது பக்கத்து வீட்டில் கக் இனா என்ற மலாய்க்கார அக்கா இருந்தார். நீ பள்ளி விட்டதும் நேரே அங்கேதான் ஓடுவாய். அவர் அரைத்துச் செய்யும் மிளகாய்ச் சம்பாலை நீ விரலால் வழித்துத் தின்பாய். ஒரு நாள் என் சமையலை முன்னால் வைத்துக்கொண்டு, “கக் இனா சம்பால்தான் பெஸ்ட் ம்மா” என்றாய். குழந்தைப் பேச்சு. எனக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரம் உன்னை வெளியே விடவில்லை. உனக்கு இருமல் என்று கக் இனாவிடம் சொன்னேன். நீ உள்ளே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பாடிக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் அவர் காரமில்லாமல் கஞ்சி காய்ச்சி, மூடி போட்ட கிண்ணத்தில் கொண்டு வந்து கொடுத்தார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தக் கஞ்சியை உனக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை. நானே நின்றபடி குடித்தேன். நான் ஏமாற்றியவர்கள் எனக்கே நல்லது செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எப்படி நிமிர்ந்து நடப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை முனியாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். தம்போயில்தான், பட்டறைகள் இருக்கும் வரிசைக்குப் பின்னால். சிமெண்டு கலக்கும் இயந்திரத்தை வாசலில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலையில் ஒரு குத்தகையாளர் வீட்டில் இருந்து இயந்திரம் கழுவுகிறார் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. “வாங்க தங்கச்சி. தேத்தண்ணி கலக்கச் சொல்றேன்” என்றார். வேண்டாம் என்றேன். “ஏன் அண்ணே அன்னிக்கு என்னைக் காட்டிக் கொடுக்கல?” என்று கேட்டேன். “என்னன்னு சொல்றது? உங்கம்மா பொய் சொல்லிட்டாங்கன்னு அந்தப் பையன்கிட்ட நான் சொல்றதா? நாளைக்குப் பால் காய்ச்சறப்ப நான் அந்த வீட்டுல எந்த மூஞ்சியோட நிக்கிறது?” என்றார். குழாயை மூடினார். “கோவம் இல்லன்னு மட்டும் நெனச்சிராதீங்க. செடெனாக்குல ஒரு வீட்டுக்குப் பின்கட்டு வேல பேசி வச்சிருந்தேன். போன் பண்ணி வேணாம்னுட்டாங்க. அதுகூடப் போகட்டும். என் மக அந்தப் படத்தக் காட்டி, ‘அப்பா, இது நீங்க செஞ்சதா’ன்னு கேட்டா. ஆமான்னேன். வேற என்ன சொல்றது, செஞ்சது நான்தானே. நீங்க தரையப் பாத்தீங்க பாருங்க, அதத்தான் மறக்க முடியல தங்கச்சி.”

நான் அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவர் தலையில் கட்ட விரும்பவில்லை. என் மகனிடம் சொல்லிவிடுகிறேன், ஊருக்கும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “சொல்லுங்க, சொல்லாட்டிப் போங்க. அந்த மேடைய மட்டும் இடிக்க விட்றாதீங்க. அடியில கம்பி போட்டிருக்கேன். இடிச்சா சுவரு அதிரும், அந்தப் பக்கம் சாமி ரூம்பு ஓடு பேந்துரும்” என்றார். தன்னை விரட்டிய வீட்டின் ஓட்டுக்காக அவர் கவலைப்பட்டதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இனி தர்ஷினியைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை அவள் நம் தம்போய் வீட்டுக்குச் சாமான் கட்ட உதவ வந்தாள். உன் அப்பா பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, “என்னடி, புது வீட்டுக்கும் இந்தப் பலகையத் தூக்கிட்டுப் போறியா? மியூசியத்துல வைக்கப் போறியா?” என்று என்னைக் கேட்டார். தூக்கிப் போடச் சொன்னேன். தர்ஷினி அந்தப் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நடுவில் இரண்டு பாதங்கள் நின்ற இடம் வழுவழுவென்று பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது, நீ பார்த்ததில்லை. அவள் அந்தப் பள்ளத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்பா வெளியே போனதும் மெல்லக் கேட்டாள்: “அத்தை, அந்தக் கோட்ட மாத்துனது நீங்கதானே?” நான் கையிலிருந்த தட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். “மொத நாள் இந்த வீட்டுக்கு வந்தப்ப இந்தப் பலகைல தடுக்கி விழப் பாத்தேன். அதான் அன்னிக்கு உங்களையும் அளக்கச் சொன்னேன். அவர் கேக்கல. உங்களுக்கு இப்ப சரியா இருக்குல்ல? அப்ப ஏன் அத்தை இடிக்கணும்? நான் கால அகட்டி நின்னுக்குவேன், ஒயரமா இருக்கற எங்களுக்கெல்லாம் பழக்கம்தான். பஸ்லயும் குனிஞ்சுதான் நிக்கிறோம்.”

நீ நினைப்பாய், அந்த நிமிடத்தில் என் மனம் இளகி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன் என்று. கட்டிப்பிடிக்கவில்லை. இன்னும் பொறாமையாக இருந்தது. நீ இருபத்து மூன்று ஆண்டுகள் பார்க்காததை அவள் வந்த முதல் நாளே பார்த்திருக்கிறாள் என்று பொறாமை. என்னைவிட அவள் நல்லவளாக இருக்கிறாளே என்று பொறாமை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவளைக் கெஞ்சிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், அவளும் சம்மதித்திருப்பாள். அப்படிச் செய்திருந்தால் முனியாண்டி அண்ணனோடு இன்னொருத்தியும் எனக்காகக் குனிந்து நிற்பாள், அதுவும் என் கண்ணெதிரே, தினமும் மூன்று வேளை. அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் என்னால் சோறு பொங்க முடியாது என்று தெரிந்தது. “நானே அவன்கிட்ட சொல்றேன். நீ கால அகட்டிக்கிட்டு நிக்க வேணாம்” என்றேன். “எனக்கு எதுனாலும் ஓகே அத்தை” என்றாள் அவள். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

ஏனென்றால் அது என் வாக்கியம். உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். கோழியில் எந்தத் துண்டு வேண்டும் என்று அப்பா கேட்டால் எனக்கு எதுனாலும் ஓகே என்பேன். கழுத்துத் துண்டு என் தட்டுக்கு வரும். காரில் எந்த இடம், தீபாவளிக்கு எந்த நிறப் புடவை, விடுமுறைக்கு எங்கே போவது, எல்லாவற்றுக்கும் அதே பதில். அதைப் பொறுமை என்று எண்ணிக்கொண்டேன். உண்மையில் ஒவ்வொரு முறையும், யாராவது இன்னொரு தடவை கேட்பார்களா என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, ஏன் கேட்க வேண்டும், நான்தான் பதில் சொல்லிவிட்டேனே. கேட்டு வாங்கத் தெரியாதவள் கடைசியில் திருடினேன். ஐந்து அங்குலம் திருடினேன், அதற்கு ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கொடுத்தேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான்: உன் மனைவி எதுனாலும் ஓகே என்று சொன்னால் நம்பாதே. நாடாவைச் சுருட்டாதே. இன்னொரு தடவை கேள். அவள் எரிச்சல்பட்டாலும் கேள். தர்ஷினி, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். அந்த வாக்கியத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளாதே அம்மா.

இப்போது நீ செய்ய வேண்டியவை. அந்தப் பதிவை அழித்துவிடாதே. அழித்தால் படித்தவர்கள் மனதில் அது அப்படியே நின்றுவிடும். அதன் கீழேயே இந்தக் கடிதத்தைப் போடு, என் பெயரை மறைக்காமல் உன் அம்மா எழுதியது என்று சொல்லியே போடு. பிறகு முனியாண்டி அண்ணன் வீட்டுக்குப் போ. நானும் வருகிறேன். அவருடைய மகள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவோம்; அவள் முன்னால்தான் நான் பேச வேண்டும். நம் குடும்பத்தில் வீடு கட்டியவர் கையால்தான் சாவியை வாங்கி உள்ளே போவோம், அவருக்கு வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்துக் கொடுத்த பிறகுதான் பாலை அடுப்பில் ஏற்றுவோம். “சாவி என்கிட்டதானே இருக்கு, யார்கிட்ட வாங்கணும்?” என்று, பால் காய்ச்ச நாள் குறித்தபோது கேட்டாய். அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடு. அவர் திருப்பித் தந்தால் பால் காய்ச்சுவோம். தர மனமில்லை என்றால் நாளைத் தள்ளிப் போடுவோம். அவர் அப்படிச் சொன்னாலும் நான் வருத்தப்பட மாட்டேன், நீயும் படக்கூடாது.

மேடையை இடிக்க வேண்டாம். அது மூலையில் மடங்கி இரண்டு சுவர்களை ஒட்டிப் போகிறது. போன சனிக்கிழமை நான் கிளம்பும்போது முனியாண்டி அண்ணனே வழி சொன்னார். நீளச் சுவர்ப் பக்கம் மட்டும் மேடையின் ஓடுகளைக் கொத்தி எடுத்துவிட்டு மேலே ஐந்து அங்குலம் ஏற்றலாம். சன்னல் பக்கத்துக் குட்டை மேடையை அப்படியே விடலாம். “ரெண்டு பேரும் ஒரே ஒயரமா இருந்தாத்தானே ஒரே மேடை” என்றார். அந்த வேலையை அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. அடுப்பு எந்தப் பக்கம் என்பதை நீ முடிவு செய்யாதே. அதை நானும் தர்ஷினியும் பேசிக்கொள்கிறோம். இப்போதே சொல்லிவைக்கிறேன், நான் சுலபமாக விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

பலகையை அப்பா நேற்றுக் குப்பை லாரியில் போட்டுவிட்டார். அதனால் எழுதிக்கொள், மகனே. உன் அம்மாவின் உயரம் நான்கடி பதினோரு அங்குலம். எனக்கு எதுனாலும் ஓகே இல்லை. சன்னல் பக்கத்து மேடை முப்பத்து மூன்று அங்குலம் வேண்டும். இந்த முறை நேராகவே கேட்கிறேன். சனிக்கிழமை அவர் வேலைக்குத் திரும்பி வந்தால், நாடாவை எடுத்துக்கொண்டு வா. என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, நீயே அளந்து கோடு போடு.

அம்மா